அட்டவணையில் விடுபட்ட கேள்வி

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1976 முதல் 1987 வரை, ஒன்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்ட 674 பேரின் விவரங்களை ரேடலெட், பியர்ஸ் என்னும் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். மரண தண்டனை விதிப்பதில் நிறப்பாகுபாடு இருந்ததா?

முதற்படி நிகழ்வெண் பரவல். ஒரு மாறியின் ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என எண்ணுவதே அது. மரண தண்டனை பெற்றோர் 68 பேர். பெறாதோர் 606 பேர். பாகுபாடு குறித்து இவ்வெண்கள் எதையும் கூறா.

அதற்கு இரு மாறிகளை ஒருங்கே வைக்கும் இருவழி அட்டவணை தேவை. குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் 483 பேரில் 53 பேருக்கும், கறுப்பினத்தவர் 191 பேரில் 15 பேருக்கும் மரண தண்டனை கிடைத்தது. குழுக்களின் அளவு வேறுபடுவதால், அந்தந்தக் குழுவின் மொத்தத்தால் வகுத்தே ஒப்பிட வேண்டும். வெள்ளையரில் 11.0 சதவீதம், கறுப்பினத்தவரில் 7.9 சதவீதம். இத்துடன் நின்றால், நீதிமன்றங்கள் கறுப்பினத்தவரிடம் இரக்கம் காட்டியதாகத் தோன்றும்.

கொல்லப்பட்டவர் யார் என்ற மூன்றாம் மாறியைச் சேர்த்தால் முடிவு தலைகீழாகிறது.

கொல்லப்பட்டோர் வெள்ளையராயின்: குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் 467 பேரில் 53 பேருக்கு (11.3 சதவீதம்), கறுப்பினத்தவர் 48 பேரில் 11 பேருக்கு (22.9 சதவீதம்) மரண தண்டனை.

கொல்லப்பட்டோர் கறுப்பினத்தவராயின்: வெள்ளையர் 16 பேரில் ஒருவருக்கும் இல்லை, கறுப்பினத்தவர் 143 பேரில் 4 பேருக்கு (2.8 சதவீதம்).

இரு பிரிவுகளிலும் கறுப்பினத்தவரே கூடுதல் விகிதத்தில் தண்டிக்கப்பட்டனர். மொத்தத்தில் அது மறைந்தது ஏன்? அவர்களுள் பெரும்பாலோர் மீதான வழக்குகளில் கொல்லப்பட்டோரும் கறுப்பினத்தவர். அத்தகைய வழக்குகளில் மரண தண்டனை அரிது. இரக்கமாகத் தோன்றியது, உண்மையில் கறுப்பின உயிர்களுக்கு அளிக்கப்பட்ட குறைந்த மதிப்பின் நிழல். இத்தகைய தலைகீழ் மாற்றத்தைப் புள்ளியியலார் சிம்ப்சன் முரண் என்பர்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 16 பேர் கொண்ட கட்டத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வரலாகாது. மேலும், அட்டவணை தொடர்பைக் காட்டும். காரணத்தை அதுவே நிறுவிவிடாது.

சாதிய வன்கொடுமை வழக்குகளின் தண்டனை விகிதம் ஒற்றை எண்ணாக முன்வைக்கப்படும்போதும் இவ்வாறே வினவ வேண்டும்: பாதிக்கப்பட்டவர் எச்சாதியினர், குற்றம் சாட்டப்பட்டவர் எச்சாதியினர், எக்குற்றத்திற்காக? இவற்றைப் பிரித்துக் காட்டாத அட்டவணையைக் கொண்டு பாகுபாடு இல்லை என்று எவரும் வாதிட இயலாது. பிரித்த தரவுகளைக் கோருவதும் நீதிக்கான போராட்டமே.