வீட்டில் வைஃபை இருந்தாலே அதிகாரி உள்ளே வரலாமா? அமெரிக்காவில் தொடரும் சர்ச்சை

வைஃபை ரவுட்டர், காரின் ரிமோட் சாவி, குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்கும் பேபி மானிட்டர்... இவற்றில் ஒன்றாவது இல்லாத வீடு அமெரிக்காவில் அபூர்வம். இவை எல்லாமே ரேடியோ அலையில் இயங்குபவை. அதனால், கோர்ட் வாரன்ட் இல்லாமலேயே இவற்றை ஆய்வு செய்ய அதிகாரம் உண்டு என்கிறது எஃப்.சி.சி., அதாவது அந்நாட்டின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம். 2009-ல் இந்த விவகாரம் செய்திகளில் அடிபட்டபோதும் ஆணையம் பின்வாங்கவில்லை.

எங்கிருந்து வந்தது இந்த அதிகாரம்?

1934-ம் ஆண்டு தகவல் தொடர்புச் சட்டத்தின் 303(என்) பிரிவிலிருந்து. அன்று டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தவை வானொலி நிலையங்கள், கப்பல்கள், கொஞ்சம் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள். லைசென்ஸ் வாங்கும்போதே ‘வந்து பாருங்க’ என்று சம்மதித்த மாதிரிதான். ஆனால் ரவுட்டருக்கு லைசென்ஸே கிடையாது. அது ‘பார்ட் 15’ விதிகளில் வருகிறது. நியாயமாகக் கேட்டால் கருவியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும் என்று அதிலும் ஒரு விதி இருக்கிறது. ரவுட்டர் வாங்கிய எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்!

குற்றத்தைத் தேடி வீட்டுக்குள் நுழையத்தான் வாரன்ட், நாங்கள் செய்வது வெறும் ஆய்வு என்பது ஆணையத்தின் வாதம். கதவை உடைத்துக்கொண்டெல்லாம் வர மாட்டார்கள். ஆனால் மறுத்தால் அபராதம் வரலாம்.

இங்கேதான் சிக்கல். 1967-ல், கமாரா வழக்கில், வாரன்ட் இல்லாமல் வந்த சான் பிரான்சிஸ்கோ வீட்டு வசதி ஆய்வாளரை உள்ளே விட மறுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவரும் குற்றம் தேடி வந்தவர் அல்ல. துப்பாக்கி விற்பனை, பழைய கார் உதிரிபாகம் போன்ற கடும் கட்டுப்பாடுள்ள தொழில்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 1987-ல் பர்கர் வழக்கில், வாரன்ட் இல்லாத ஆய்வில் சிக்கிய திருட்டு வாகனங்களை வைத்துக் கிரிமினல் வழக்கு போட்டதையும் அதே நீதிமன்றம் ஏற்றது. ரவுட்டரைப் பார்க்க வருபவர் கண்ணில் படுவது ரவுட்டர் மட்டுமா என்ன?

ஆணையத்தின் கவலையையும் லேசாக ஒதுக்கிவிட முடியாது. நியூ ஜெர்சியில் ஒருவர், கம்பெனி வண்டி எங்கே போகிறது என்று முதலாளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக ஜிபிஎஸ் ஜாமர் மாட்டிக்கொண்டார். அவரும் தேடியது பிரைவசிதான்! ஆனால் அது நியூவார்க் விமான நிலையத்தின் தரையிறங்கும் வழிகாட்டிக் கருவியையே தொந்தரவு செய்தது. 2012-ல் பிடிபட்டார், சுமார் 32,000 டாலர் அபராத நோட்டீஸ் வந்தது.

அவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சிக்னல் வரும் திசையை அளந்து. யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. ரேடியோ அலை சுவரைத் தாண்டித் தானாகவே தெருவுக்கு வந்துவிடுகிறது. தொந்தரவு இருந்தால் தெருவில் நின்றே அளக்கலாம். அந்த அளவீட்டை ஒரு நீதிபதியிடம் காட்டினால் வாரன்ட் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. அப்புறம் ஏன் வாரன்ட் வேண்டாம் என்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஆணையத்தின் பதில் திருப்தியாக இல்லை.

இதற்கிடையே, 2020-ல் வந்த புதிய சட்டம் திருட்டு வானொலிக்கான அபராதத்தை 20 லட்சம் டாலர் வரை உயர்த்திவிட்டது. தெரிந்தே இடம் கொடுக்கும் வீட்டு ஓனருக்கும் இது பொருந்தும். அதிகாரி தட்டும்போது கதவைத் திறப்பதா, வாரன்ட் கேட்பதா என்று யோசிக்க வேண்டியவர்கள் பட்டியலில் இப்போது அவர்களும் இருக்கிறார்கள்.