அடிக்கடி பிசகும் கணுக்கால்: பிரேஸ் வாங்கும் முன் காலணியைக் கவனிப்பது ஏன் அவசியம்?

வித்துரா (திருவனந்தபுரம்): பொன்முடி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள வித்துராவில் சமதளம் அரிது. ரப்பர் தோட்டங்களின் படிப்படியான சரிவுகள், மழையில் வழுக்கும் செம்மண் பாதைகள், கல்லாறு கரையோரப் பாறைகள் என அன்றாட நடையே மேடு பள்ளங்களில்தான் நிகழ்கிறது. மூட்டுகள் இயல்பைவிட அதிகமாக வளையும் உடலமைப்பு கொண்டவர்களுக்கு இத்தகைய நிலம் கடும் சோதனை. ஒருமுறை பிசகிய கணுக்கால் மீண்டும் மீண்டும் பிசகும்போது, வேலைக்கும் பள்ளிக்கும் செல்வதே அச்சத்துக்குரியதாகிவிடுகிறது.

இதற்குத் தீர்வாக மருந்துக்கடையில் கணுக்கால் பிரேஸ் வாங்கி அணிந்து, பயன் தெரியாமல் ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. குறை பிரேஸில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. குதிகாலைப் பிடித்துக்கொள்ளாத செருப்புடன் அணியும்போது, எந்தப் பிரேஸும் முழுப் பயன் தராது.

மிகை நெகிழ்வு என்றால் என்ன?

மூட்டுகளைப் பிணைத்து நிறுத்தும் தசைநார்கள் இயல்பைவிடத் தளர்வாக இருப்பதே மூட்டு மிகை நெகிழ்வு. மருத்துவர்கள் இதை 'ஹைப்பர்மொபிலிட்டி' என்பர். இதைக் கண்டறிய 1973-ஆம் ஆண்டு முதல் வழக்கத்தில் உள்ள பெய்ட்டன் அளவுகோல் பயன்படுகிறது. சுண்டுவிரல் 90 பாகைக்கு மேல் பின்னோக்கி வளைதல், கட்டைவிரல் முன்கையைத் தொடுதல், முழங்கையும் முழங்காலும் 10 பாகைக்கு மேல் பின்வளைதல் ஆகியவற்றுக்கு இருபக்கமும் சேர்த்து 8 மதிப்பெண்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தால் மேலும் 1 மதிப்பெண். 50 வயது வரையிலான பெரியவர்களில் 5 அல்லது அதற்கு மேல் பெறுவோர் மிகை நெகிழ்வு உடையவர்களாகக் கருதப்படுகின்றனர்.

நெகிழ்வு மட்டுமே நோயாகாது. வலி, அடிக்கடி சுளுக்கு, மூட்டு விலகல் ஆகியவை சேரும்போதே மருத்துவக் கவனம் தேவைப்படுகிறது. எலர்ஸ்-டான்லோஸ் எனப்படும் மரபுவழி இணைப்புத்திசுக் குறைபாட்டின் அறிகுறியாகவும் இது இருக்கலாம். 2017-ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாடு இக்குறைபாட்டை 13 வகைகளாகப் பிரித்துள்ளது.

கணுக்காலில் நிகழ்வது

கணுக்காலின் வெளிப்புறத்தை 3 தசைநார்கள் தாங்குகின்றன. பாதம் உட்புறமாகப் புரளும்போது பெரும்பாலும் முன்பக்கத் தசைநாரே முதலில் பாதிக்கப்படுகிறது. மிகை நெகிழ்வு உள்ளவர்களிடம் பாதம் எந்தக் கோணத்தில் ஊன்றியுள்ளது என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வும் மந்தமாக இருக்கக்கூடும். அதனால் கால் புரளத் தொடங்கியதை உடல் தாமதமாகவே உணர்கிறது.

பிரேஸ் வகைகள்

துணியாலான மீள் உறை மிக எளிய வகை. அது லேசான அழுத்தம் தந்து, பாதத்தின் நிலையை உணரத் துணைபுரியும். ஆனால் புரளும் காலைத் தடுத்து நிறுத்தும் வலிமை அதற்குக் குறைவு. கயிற்றால் இறுக்கி, எட்டு வடிவில் பட்டைகளைச் சுற்றும் வகை கூடுதல் பிடிப்பு தரும். இருபுறமும் கெட்டியான பிளாஸ்டிக் தகடுகள் கொண்ட வகை, பாதம் பக்கவாட்டில் சாய்வதைத் தடுத்து, மேலும் கீழும் அசைய இடம் தரும். மீண்டும் மீண்டும் சுளுக்கு ஏற்படுவோருக்குப் பின்னைய இரு வகைகளே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகின்றன.

முதலில் காலணி

தகடு பொருத்திய பிரேஸின் அடிப்பட்டை குதிகாலுக்குக் கீழே அமர்கிறது. அதை அசையாமல் பிடிக்க மூடிய காலணி தேவை. ஹவாய் செருப்பில் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் மேலே எழுகிறது. செருப்பு கழலாமலிருக்க விரல்கள் இறுகுகின்றன. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காக்கப் பயன்பட்டு, இன்று குதிகால் வலிக்கும் வாங்கப்படும் எம்.சி.ஆர். செருப்பு, பாதத்தின் மீதான அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் மென்மை வேறு, பிடிப்பு வேறு.

கடையிலேயே 3 சோதனைகளைச் செய்து பார்க்கலாம். காலணியின் பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினால் அது மடங்கக் கூடாது. இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் ஈரத்துணிபோல் திருகக் கூடாது. மடக்கினால் விரல்களின் அடிப்பகுதியில் வளைய வேண்டுமே தவிர, நடுவில் மடியக் கூடாது. இவற்றுடன் அகலமான அடிப்பாகம், தாழ்ந்த குதி, கயிறு அல்லது வெல்க்ரோ கட்டு ஆகியவை அவசியம்.

பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், பிரேஸையும் காலுறையையும் அணிந்தபடி அளவு பார்ப்பது நல்லது. இன்சோலைக் கழற்ற முடிந்த காலணியில் பிரேஸுக்கு எளிதாக இடம் கிடைக்கும். இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய அளவுகளுக்கு ஏற்றவாறு அமைவதில்லை என்பதும் கவனத்துக்குரியது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை அளந்து, இந்தியர்களின் பாதங்கள் ஒப்பீட்டளவில் அகலமானவை எனக் கண்டறிந்தது. அதனடிப்படையில் 'பா' என்ற புதிய அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டி வாங்கினால், குதிகால் காலணிக்குள் வழுக்கும். பிரேஸ் அணிந்தும் பயனிருக்காது.

மழையும் வெறுங்காலும்

வித்துராவில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்கின்றன. நனைந்த பிரேஸைத் தொடர்ந்து அணிந்தால் தோல் புண்ணாகும். மிகை நெகிழ்வு உள்ள சிலருக்குத் தோலும் மென்மையாக இருப்பதால், பிரேஸுக்கு அடியில் தையல் உறுத்தாத காலுறை அணிவதும், மாற்றிக்கொள்ள இரண்டாவது காலுறை வைத்திருப்பதும் உதவும். மழைக்காலத்தில் பின்பட்டையும் ஆழமான அடிவரிகளும் கொண்ட, விரைவில் உலரும் காலணி ஏற்றது. வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடக்கும் வழக்கமுள்ளோர், உள்ளே மட்டும் அணியத் தனியாக ஒரு காலணி வைத்துக்கொள்ளலாம்.

எங்கே அணுகுவது?

முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ அணுகலாம். ஆயத்தப் பிரேஸ் பொருந்தாதவர்களுக்கு, பாத அளவெடுத்துப் பிரேஸ் செய்து தரும் ஆர்த்தோட்டிஸ்டுகள் உள்ளனர். அவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்களா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். புதிய பிரேஸை முதல் நாளில் ஓரிரு மணி நேரம் மட்டும் அணிந்து, படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்த வேண்டும்.

பிரேஸ் பயிற்சிக்கு மாற்றல்ல. சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது, பாதத்தை வெளிப்புறமாகத் தள்ளும் தசைகளை வலுப்படுத்துவது போன்றவற்றை இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலில் தொடர வேண்டும். மூட்டை அதன் எல்லைவரை வளைத்துக் காட்டும் பழக்கத்தைக் கைவிடுவதும் நல்லது.

புதிதாகச் சுளுக்கியவுடன் எண்ணெய் தேய்த்து வழிப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலை ஊன்றி 4 அடி நடக்க இயலாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் கடுமையாக வலித்தாலோ, எலும்பு முறிவு இருக்கக்கூடும். அந்நிலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே அடுத்த சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.