அந்தப் பந்து முகத்தில் படாமல் போயிருந்தால்?

1957 மே 7. கிளீவ்லாந்து மைதானத்தில் நியூயார்க் யாங்கீஸுடன் பேஸ்பால் ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கிளீவ்லாந்தின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஹெர்ப் ஸ்கோர் வீசிய பந்தை யாங்கீஸின் கில் மெக்டூகல் ஓங்கி அடித்தார். அது போன வேகத்தில் திரும்பி வந்து ஸ்கோரின் வலது கண்ணோரம் மோதியது. மூக்கெலும்பு உடைந்து அப்படியே விழுந்தார். வயது 23.

முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கன் லீகில் மிக அதிக ஸ்ட்ரைக் அவுட் (மட்டையாளரைப் பந்தை அடிக்கவிடாமல் வெளியேற்றுவது) அவருடையதுதான்: 1955-ல் 245, 1956-ல் 263. அந்த இரண்டே ஆண்டில் 36 வெற்றிகள். அதற்குப் பிறகு ஆடிய ஆறு ஆண்டுகளில் கிடைத்தவை வெறும் 19.

'அந்தப் பந்து மட்டும் ஓரடி தள்ளிப் போயிருந்தால்...' என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்காகவே ஒரு கம்ப்யூட்டர் கேம் இருக்கிறது: 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்'. மார்க்கஸ் ஹைன்சோன் என்ற ஜெர்மானியர் உருவாக்கி 1999-ல் வெளியிட்டது. (பேஸ்பாலுக்கு ஒரு ஜெர்மானியர்!) இதில் நீங்கள் மட்டை பிடிக்க முடியாது. யாரை வாங்குவது, யாரை இறக்குவது என்று தீர்மானிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. மீதியை எண்கள் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு பிட்சருக்கும் பந்தின் வீரியம், அசைவு, கட்டுப்பாடு என மூன்று மதிப்பெண்கள். உடம்பு எவ்வளவு சுலபத்தில் காயப்படும் என்பதற்கும் ஓர் அளவு உண்டு.

பழைய ஆண்டுகளை ஆடும்போது, ஆண்டுதோறும் நிஜக் கணக்கைப் பார்த்து மதிப்பெண்ணைத் திருத்தும்படி விடலாம். அப்போது வரலாறு ஏறக்குறைய தன் தடத்திலேயே போகும். அந்த வசதியை நிறுத்திவிட்டால்தான் வேடிக்கை. 1957 மே மாதம் சத்தமில்லாமல் கடந்துபோகும். நான் அப்படி விட்டபோது ஸ்கோர் சில ஆண்டுகள் ஜொலித்தார். பிறகு முழங்கை போய்விட்டது. கேமுக்கு யார் மேலும் பரிதாபம் கிடையாது.

இப்படி ஆடிப் பார்க்கும் ஆசை கம்ப்யூட்டருக்கு முந்தியது. ஹால் ரிச்மன் 1961-லேயே 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற பேஸ்பால் விளையாட்டை அட்டையும் பகடையுமாக விற்கத் தொடங்கிவிட்டார். 1981-ல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஆல்-ஸ்டார் ஆட்டம் தள்ளிப்போனபோது, அதே கிளீவ்லாந்து மைதானத்தில் பகடை உருட்டி அந்த ஆட்டத்தை 'ஆடினார்கள்'. கொரோனாவால் 2020 சீசன் தொடங்காமல் நின்றபோது ஹைன்சோனின் கேம் தினமும் முடிவுகளைத் தந்துகொண்டிருந்தது.

எல்லா 'இருந்தால்'களும் ஒன்றல்ல. கறுப்பர் லீக்குகளில் ஆடிய ஜோஷ் கிப்சனை, கறுப்பர்களுக்கு இடமில்லாத 1930-களின் பெரிய லீகில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் இந்த கேமில் வழியுண்டு. கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து கறுப்பரான ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் கால்வைத்தார். 2024-ல் கறுப்பர் லீக் கணக்குகளையும் பெரிய லீக் கணக்கில் அதிகாரபூர்வமாகச் சேர்த்தபோது, கிப்சனின் .372 பேட்டிங் சராசரி, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் .367-ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது. ஸ்கோர் மேல் பட்டது தற்செயலான ஒரு பந்து. கிப்சனுக்குக் கதவை அடைத்தவர்கள் தெரிந்தே அடைத்தார்கள். கேமில் கிப்சன் குவிக்கும் ஹோம் ரன்களை என்னால் உற்சாகமாக எண்ண முடிவதில்லை.

ஸ்கோரோ அந்தப் பந்தைக் கடைசிவரை குறை சொல்லவில்லை. மறு ஆண்டு கையில் ஏற்பட்ட காயம்தான் தன் வேகத்தைக் கெடுத்தது என்பார். மெக்டூகல் மீதும் அவருக்குக் கோபமில்லை. ஸ்கோருக்கு நிஜத்திலேயே இன்னொரு வாழ்க்கை வாய்த்தது. அதற்கு கேமில் மதிப்பெண் கிடையாது. 1964 முதல் 1997 வரை, முதலில் டிவியிலும் பிறகு வானொலியிலும், கிளீவ்லாந்து அணியின் ஆட்டங்களை வர்ணனை செய்தவர் அவர்தான்.