கொசுவத்தில் இரண்டு மடிப்பு குறைகிறதா?

"எடை ஏறவேயில்லைடி. கொசுவத்தில மட்டும் ரெண்டு மடிப்பு குறைஞ்சு போச்சே, ஏன்?" ஐம்பதைத் தொட்ட என் அக்கா கேட்டாள். அக்கா மட்டுமல்ல, அந்த வயதில் பலரும் என்னிடம் கேட்பது இதுதான்.

மாதவிலக்கு இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், மிஞ்சும் கொழுப்பைப் பெரும்பாலும் தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் சேர்த்து வைக்கிறது. மாதவிலக்கு நின்றதும் அது வெகுவாகக் குறைந்துவிடும். அப்புறம் கொழுப்பு வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றி அதிகம் தங்க ஆரம்பிக்கிறது. தொடைக் கொழுப்பு சாது. இதுவோ பொல்லாதது! இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவிடும்.

இந்தச் சமயத்தில் தினம் வடை, அப்பளம் என்றிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி!

ஹார்மோன் நம் கையில் இல்லை. எண்ணெய்க் கரண்டி நம் கையில்தானே? தாளிக்கும்போது பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றாமல் டீஸ்பூனால் அளந்து விடுங்கள். தினம் அரைமணி வேகமாக நடங்கள்.

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே தையல் டேப்பைச் சுற்றுங்கள். 80 சென்டிமீட்டரை, அதாவது 31½ அங்குலத்தைத் தாண்டினால், டாக்டரிடம் போய் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

இளம் தாய்மார்களே, உங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இன்றைக்கே அளந்து பாருங்களேன்!