கூர்முனைக் கணிதமும் நம் கிணறுகளும்

குறைந்த செலவில் நிறைந்த பயன் பெறும் வழியைக் காட்டும் கணிதத்தை உத்தமமாக்கற் கணிதம் என்பர். அதன் முதல் விதியை நுண்கணிதம் பயின்ற மாணவர் அறிவர். ஒரு சார்பு இழிவுப் பெறுமானம் எய்தும் இடத்தில் வளையியின் தொடலி கிடையாக நிற்கும். அதாவது, படித்திறன் பூச்சியமாகும். 17ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சு அறிஞர் பெர்மா காட்டிய வழி இது. ஆயின், வளையி கூர்முனை கொண்டு முறியுமிடத்துத் தொடலி ஏது? பழைய விதி அங்கே நமக்கு உதவுவதில்லை.

இத்தகைய முனைகள் அரியன என்று எண்ணுதல் வேண்டா. ஓர் ஒழுங்கையில் மூன்று வீடுகள் உள்ளன எனக் கொள்வோம். ஒழுங்கையின் தொடக்கத்திலிருந்து அவற்றின் தூரம் முறையே 0, 20, 100 மீற்றர். பொதுக்கிணறு ஒன்றை எவ்விடத்தில் வெட்டினால் மூன்று வீட்டாரும் நடக்கும் தூரத்தின் கூட்டுத்தொகை மிகக் குறையும்? சராசரியாகிய 40 மீற்றரில் வெட்டின் மொத்தம் 120 மீற்றர். நடுவீட்டு வாயிலில் வெட்டின் 100 மீற்றரே. நடுவீட்டை அணுகும்போது படித்திறன் −1, கடந்ததும் +1. பூச்சியம் ஓரிடத்தும் தோன்றவில்லை. ஆயினும் அவ்விரண்டுக்கும் இடையே அடங்கியுள்ளது.

இவ்வெளிய உண்மையைப் பொதுவிதியாக்கியவர் கனடா நாட்டு அறிஞர் பிரான்சிஸ் கிளார்க். முனையில் ஒற்றைப் படித்திறனைத் தேடாது, அதனை அண்டிய படித்திறன்களின் எல்லைகளையும் அவற்றுக்கு இடைப்பட்டவற்றையும் ஒரு தொடையாகக் கொள்ளும் முறையை அவர் 1973இல் தம் ஆய்வேட்டில் வகுத்தார். இழிவிடத்தில் அத்தொடை பூச்சியத்தை உள்ளடக்கும். அவர்தம் ஆசிரியர் இரோக்கபெல்லர் குவிவுச் சார்புகளுக்கு அமைத்து, 1970இல் நூலாக வெளியிட்ட வழியின் விரிவே இது.

காலந்தோறும் மாற்றவேண்டிய தீர்மானங்களை ஆராய்வது உத்தமக் கட்டுப்பாட்டியல். 1950களில் மொஸ்கோவிலே பொந்திரியாகினும் அவர் குழுவினரும் நிறுவிய உயர்வுத் தத்துவம் இதன் அடிப்படை. இன்று செலவிடும் பொருளுக்கன்றி, நாளைக்கு எஞ்சும் பொருளுக்கும் ஒரு விலை உண்டு என்பது அதன் சாரம்.

இவ்வுண்மை நம் குடாநாட்டுக்கு மிகப் பொருந்தும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கில்லை. மாரிமழையின் நன்னீர் சுண்ணாம்புக் கல்லினுள் தங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்குமேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியல் கூறும் கணக்கு. ஆகவே மேல்மட்டம் நிலையாக 1 அடி தாழின், உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழ இடமுண்டு. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு எல்லையாய் நின்றது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று.

இங்கே நீர்மட்டமே நிலை, இறைக்கும் அளவே நம் கட்டுப்பாடு, மழையே வரவு. நீர் நன்றாயிருக்குமளவும் இறைப்போடு பயனும் சீராக வளரும். பயிர் தாங்காத உவரை எட்டியதும் பயன் முறிந்து சரியும். அம்முறிவிலே கூர்முனை தோன்றுகின்றது. உத்தமத் தீர்மானம் பெரும்பாலும் அம்முனையை ஒட்டியே அமைதலின், ஒப்பரவான வளையிகளுக்கு மட்டும் உரிய கணிதம் இங்குப் போதாது.

மற்றுமொன்று. கிணறுகள் பலவாயினும் அடியிலுள்ள நீர் ஒன்றே. தான் விட்டுவைத்த நீரை அயலார் இறைத்துவிடுவர் என்று ஒவ்வொருவரும் எண்ணின், எஞ்சும் நீரின் விலையைப் பூச்சியமாகவே கொள்வர். அவரவர் கணக்கு அவரவர்க்குச் சரியாகத் தோன்றும். ஊர்க் கணக்கோ பிழைத்துப்போம். எஞ்சும் நீருக்குரிய விலையை யாவரும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதே இதற்குப் பரிகாரம். அதற்கு முதற்படியாகக் கிணற்று நீரின் மட்டத்தையும் உவரையும் மாதந்தோறும் அளந்து குறித்துவைத்தல் வேண்டும். இது மாணவரும் செய்யத்தக்க பணியாகும். அளவின்றிக் கணிதம் இல்லை.