ஏணி ஏன் சறுக்குகிறது?

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு பெரியவர் வந்திருந்தார். சுவரோரம் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்ததால், நான்கு மீட்டர் ஏணியின் கால்களைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்திருந்தார். முதற்படியில் ஏறி நின்று இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தார். ஏணி அசையவில்லை. வாளியுடன் ஏறத் தொடங்கினார். முக்கால் ஏணி ஏறியிருப்பார். ஏணியின் கால் சர்ரென்று வெளிப்பக்கம் வழுக்கியது. பெரியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் வேலை இல்லை, கூலியும் இல்லை.

நான் பார்க்கச் சென்றபோது அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "கீழே நின்னு பார்த்தப்ப ஆடாம அசையாமத்தானே சார் இருந்திச்சு!"

அவர் சொன்னது உண்மைதான். கீழே நிற்கும்போது உறுதியாக இருந்த ஏணி மேலே ஏறியதும் ஏன் சறுக்கியது? இதற்கு விடை காண உங்கள் இயற்பியல் பாடமே போதும்.

ஏணியைப் பிடித்திருப்பது எது?

சுவரில் சாய்ந்திருக்கும் ஏணியின் தலை சுவரைத் தள்ளுகிறது. சுவரும் அதே அளவு விசையுடன் ஏணியைத் திருப்பித் தள்ளுகிறது. இவ்விசை ஏணியை வெளிப்பக்கமாக நகர்த்தப் பார்க்கும். அதைத் தடுப்பது, ஏணியின் காலுக்கும் தரைக்கும் இடையிலுள்ள உராய்வு விசை ஒன்றே. சுவரிலும் சிறிது உராய்வு உண்டு. கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிடுவோம்.

ஏறுபவரின் எடை 60 கிலோகிராம், ஏணியின் எடை 12 கிலோகிராம் என்று கொள்வோம். தரை தாங்கும் மொத்த எடை 72 கிலோகிராம். ஏணியின் நீளம் 4 மீட்டர், கால் சுவரிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் இருப்பதால், பிதாகரஸ் தேற்றத்தின்படி அது சுவரில் தொடும் உயரம் சுமார் 3.46 மீட்டர்.

இப்போது ஏணியின் காலை மையமாகக் கொண்டு திருப்புத்திறன்களைக் கணக்கிடுங்கள். மனிதர் கால் பங்கு ஏறியிருக்கும்போது, அவர் ஏணியின் காலிலிருந்து கிடைத்தளத்தில் 0.5 மீட்டர் தூரத்தில் இருக்கிறார். அவருடைய திருப்புத்திறன் 60 × 0.5 = 30. ஏணியின் ஈர்ப்பு மையம் 1 மீட்டர் தூரத்தில் உள்ளது; அதன் திருப்புத்திறன் 12 × 1 = 12. கூட்டினால் 42. இதைச் சமன் செய்யச் சுவர் தரவேண்டிய விசை 42 ÷ 3.46, அதாவது சுமார் 12 கிலோகிராம் எடை. தரையின் உராய்வும் அதே 12 ஆக இருக்கவேண்டும். 12 ÷ 72 = 0.17. உராய்வுக் கெழு குறைந்தது இவ்வளவு இருந்தால் ஏணி நிற்கும்.

அவர் உச்சிக்கே ஏறிவிட்டால்? அவருடைய திருப்புத்திறன் 60 × 2 = 120. ஏணியுடையதைச் சேர்த்தால் 132. சுவரின் விசை 38 கிலோகிராம் எடை. இப்போது தேவையான உராய்வுக் கெழு 38 ÷ 72 = 0.53!

தரை மாறவில்லை, ஏணி மாறவில்லை, ஏறியவரின் எடையும் மாறவில்லை. ஆனால் தேவைப்படும் உராய்வு மட்டும் மூன்று மடங்காகிவிட்டது. தரையில் மணல் சிந்தியிருந்ததால் உராய்வுக் கெழு 0.4 தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கண்ட கணக்கையே திருப்பிப் போட்டால், ஏணி நீளத்தில் ஏறத்தாழ 73 விழுக்காடு ஏறியதும் ஏணி சறுக்கும் என்று வரும். அதாவது, ஏறக்குறைய முக்கால் ஏணி! முதற்படியில் நின்று செய்யும் சோதனை உச்சிப்படியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நான்குக்கு ஒன்று

இதே ஏணியின் காலைச் சுவரிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் வையுங்கள். தொடும் உயரம் 3.87 மீட்டர் ஆகிறது. மனிதர் உச்சியில் நின்றாலும் திருப்புத்திறன் 60 + 6 = 66 தான். சுவரின் விசை 17. தேவையான உராய்வுக் கெழு 0.24 மட்டுமே.

அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகள் கூறுவதும் இதையே: ஏணியின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தூரத்தில் கால் இருக்கவேண்டும். அப்போது ஏணி தரையுடன் சுமார் 75 பாகைக் கோணத்தில் நிற்கும். அளவுகோல் தேவையில்லை. ஏணியின் காலில் உங்கள் கால்விரல்கள் படுமாறு நிமிர்ந்து நின்று, கைகளை நேராக நீட்டுங்கள். தோள் உயரத்திலுள்ள படியை உள்ளங்கைகள் தொட்டால் சாய்வு சரி.

ஒருவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் முதற்படியில் ஏறி நின்றால், தரையின் எதிர்விசை கூடும், உராய்வும் கூடும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்த ஏணிக்கு அப்போது தேவைப்படும் கெழு 0.53இலிருந்து சுமார் 0.33ஆகக் குறையும். ஆனால் சரியாகச் சாய்த்த ஏணிக்கு ஆளே இல்லாமல் 0.24 போதுமே! எனவே முதலில் சாய்வு, பிறகுதான் துணை ஆள்.

அப்படியானால் ஏணியை இன்னும் நிமிர்த்திவிடலாமா? கூடாது. ஏறியவர் சற்றுப் பின்னால் சாய்ந்தாலே ஈர்ப்பு மையம் ஏணியின் காலைத் தாண்டி வெளியே வந்துவிடும். ஏணி மனிதருடன் பின்புறம் சாயும். பக்கவாட்டில் எட்டி வேலை செய்வதும் இதே ஆபத்துதான். உங்கள் வயிறு எப்போதும் ஏணியின் இரு கம்புகளுக்கு நடுவிலேயே இருக்கட்டும். ஏறும்போது இரு கைகள், இரு கால்கள் ஆகிய நான்கில் மூன்று எந்நேரமும் ஏணியில் பதிந்திருக்கவேண்டும். கூரைமேல் ஏறுவதானால், ஏணி கூரை விளிம்புக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் நீண்டிருக்கவேண்டும். தலையைக் கட்டிவிடவும் வேண்டும். மின்கம்பிகளுக்கு அருகில் உலோக ஏணியைக் கொண்டு செல்லவே கூடாது.

தவறி விழுந்தால்?

2.5 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுபவர் தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 7 மீட்டர். அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். இதற்கு ஆகும் நேரம் 0.7 வினாடி. எதையாவது பற்றிக்கொள்ள நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவேதான் பாதுகாப்பை முன்கூட்டியே செய்யவேண்டும் என்று சட்டங்கள் கூறுகின்றன. தவறி விழக்கூடிய உயரத்தில் வேலை செய்வோருக்குத் தடுப்பு முதலிய பாதுகாப்பு வேண்டும் என்று இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 32ஆம் பிரிவில் கூறியது. அமெரிக்காவில் பொதுத் தொழிலகங்களில் 4 அடி, கட்டுமானத்தில் 6 அடி உயரம் முதலே பாதுகாப்பு தேவை. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிகளோ உயர எல்லையே வைக்கவில்லை. விழுந்தால் காயம் ஏற்படும் எந்த உயரமும் அவற்றுக்கு உயரம்தான்.

முதல் பாதுகாப்பு, கைப்பிடித் தடுப்புள்ள சாரமோ மேடையோ அமைப்பது. அது இயலாதபோது, உடலில் பட்டை அணிந்து, கயிற்றால் உறுதியான இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் வெறும் கயிறு போதாது. 60 கிலோகிராம் எடையுள்ளவர் 2 மீட்டர் விழுந்து, கயிறு 10 சென்டிமீட்டர் மட்டுமே நீண்டு அவரை நிறுத்தினால், இழந்த நிலையாற்றல் முழுவதும் அந்த 10 சென்டிமீட்டரில் செலவாகவேண்டும். கயிறு இழுக்கும் சராசரி விசை அவருடைய எடையைப்போல் 21 மடங்கு, அதாவது 1,260 கிலோகிராம் எடை! இதற்காகவே கயிற்றில் மடித்துத் தைத்த நாடா ஒன்று சேர்க்கப்படுகிறது. விழும்போது தையல் சிறிது சிறிதாகப் பிரிந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும். 60 சென்டிமீட்டர் பிரிந்தால் விசை சுமார் 260 கிலோகிராம் எடையாகக் குறைகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பீர்கள் அல்லவா? அதே தத்துவம்தான்.

அந்த விசையும் இடுப்பில் மட்டும் விழுந்தால் வயிறும் முதுகெலும்பும் சேதமுறும். எனவே, விழுபவரைத் தாங்கி நிறுத்த இடுப்புப் பட்டையைப் பயன்படுத்துவதை அமெரிக்கக் கட்டுமான விதிகள் 1998 ஜனவரி 1 முதல் தடை செய்தன. தொடை, மார்பு, தோள் ஆகியவற்றுக்கு விசையைப் பங்கிடும் முழு உடல் பட்டையே வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 2 மீட்டர் கயிற்றைக் காலடியில் மாட்டிக்கொண்டு 3 மீட்டர் உயரத்தில் நின்றால், கயிறு இறுகுமுன் தரை வந்துவிடும்! மாட்டும் இடம் தலைக்கு மேலே இருக்கவேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வழவழப்பான மேசையில் மர அளவுகோல் ஒன்றைச் சுவரில் சாய்த்து வையுங்கள். அதன் அடிப்பகுதியில் துணி மாட்டும் கிளிப்புகள் மூன்றைக் கவ்வவிட்டு, சறுக்காமல் நிற்கும் அளவுக்குச் சாயுங்கள். பிறகு அதே சாய்வில் கிளிப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மாற்றுங்கள். ஓரிடத்தில் அளவுகோல் சட்டென்று சறுக்கும். அதை ஏணி ஏறுபவர் யாரிடமாவது ஒருமுறை காட்டுங்கள். எங்கள் தெருப் பெரியவரிடம் நான் காட்டினேன். இப்போதெல்லாம் அவர் ஏறுமுன் பூந்தொட்டிகளைத்தான் நகர்த்துகிறார்.