குழாயைத் திறந்தும் வெந்நீர் வரவில்லையா?

கேமரன் மலையில் காலை 5 மணிக்குக் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு வெந்நீர் ஆடம்பரம் இல்லை. மின்சார ஹீட்டருக்குப் பதிலாக, தோம்பில் இணைக்கும் கேஸ் ஹீட்டரை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. இதில் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் கலன் கிடையாது. குழாயைத் திறந்ததும் உள்ளே நெருப்பு பற்றி, ஓடுகிற தண்ணீரையே சூடாக்கும். திடீரென்று இது நின்றுபோனால் உடனே புதியது வாங்க ஓட வேண்டாம். பல நேரங்களில் கோளாறு ஹீட்டருக்கு வெளியேதான் இருக்கும்.

குழாயைத் திறந்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். "டிக் டிக்" என்று சத்தம் வருகிறதா? சத்தமே இல்லை என்றால் பேட்டரியை அல்லது தண்ணீரைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலான வகைகளில் அடிப்பகுதியில் தடித்த டார்ச்லைட் பேட்டரிகள் இரண்டு இருக்கும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்து போட்டால் சீக்கிரமே மறுபடியும் நின்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். ஓட்டம் குறைந்தால் ஹீட்டர் பற்றாது. அது பாதுகாப்புக்கான அமைப்பு. 10 லிட்டர் வாளி நிரம்ப 4 நிமிடத்துக்கு மேல் ஆனால் ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிறகு, தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் சிறு வடிகட்டியை, வால்வை மூடிவிட்டு எடுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மணலும் துருவும் அங்கேதான் சேரும். கூரைத் தொட்டிக்கும் மாடிக் குளியலறை ஷவருக்கும் 2 மீட்டர்தான் இடைவெளி என்றால் அழுத்தம் வெறும் 0.2 பார். அதற்குப் பம்ப் வைப்பதுதான் வழி.

சத்தம் வந்தும் பற்றவில்லையா? கேஸைப் பாருங்கள். "அடுப்பு எரிகிறதே!" என்று பலர் வாதம் செய்வார்கள். ஆனால் 10 லிட்டர் வகை ஹீட்டர் ஏறக்குறைய 20 கிலோவாட் எடுக்கும். அடுப்பின் ஒரு பர்னர் சுமார் 3 கிலோவாட்தான். காலியாகப் போகும் தோம்பு அடுப்புக்குப் போதும், ஹீட்டருக்குப் போதாது. கேஸ் வேகமாக வெளியேறும்போது தோம்பும் குளிர்ந்துபோகும். மலைப்பகுதிக் காலையில் இது இன்னும் மோசம். அதற்காகத் தோம்பைச் சாய்ப்பதும், சூடான தண்ணீரில் வைப்பதும், உயர் அழுத்த ரெகுலேட்டர் மாட்டுவதும் ஆபத்தான வேலைகள். சிங்கப்பூரில் குழாய் கேஸுக்காகச் செய்த பழைய ஹீட்டரை ஜொகூருக்குக் கொண்டுவந்து தோம்பில் மாட்டுவதும் அப்படித்தான். இரண்டும் வேறு வேறு கேஸ்.

சில வகைகள் 20 நிமிடம் ஆனதும் தானாக அணைந்துவிடும். அது கோளாறு இல்லை.

இதுவரை சொன்னதை வீட்டிலேயே பார்க்கலாம். தீயின் நிறம் மட்டும் வேறு விஷயம். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தாலோ, ஹீட்டரின் மேல்பகுதியில் கரி படிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். கேஸ் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. தோம்பில் கசிவு ஏற்பட்டால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். சோப்பு நுரை தடவினாலும் தெரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இங்கே நம் வீடுகளில் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஹீட்டரை மாட்டும்போது பின்கட்டு திறந்தவெளியாக இருந்திருக்கும். பிறகு பெருநாளுக்கு முன் வீட்டைச் சீர்செய்கிறோம் என்று கூரை போட்டு, சன்னல் கண்ணாடி வைத்து, சமையலறையை நீட்டிவிடுகிறோம். ஹீட்டர் அதே சுவரில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது வீட்டுக்குள் இருக்கிறது! புகை போக வழியில்லை. குளியலறைக்குள்ளேயே மாட்டுவது இதைவிடக் கொடுமை.

குளிக்கும்போது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் "வெறும் வயிறு" என்று விட்டுவிடாதீர்கள். வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள், கேஸை மூடச் சொல்லுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் 999. பர்னரைத் திறந்து சுத்தம் செய்வதையும் புகைக்குழாய் அமைப்பதையும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற கேஸ் பணியாளரிடம் விடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை பெரிய பானையில் தண்ணீர் காய்ச்சிக் குளிக்கலாம்.